வெள்ளக் கணக்கில் கையெழுத்திடுவோருக்கு ஒரு திறந்த மடல்

நீரியல் அறிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பாலமோ அணையோ கட்டுமுன், "இந்த நீர்ப்பிடிப்பில் இவ்வளவு மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்?" என்று எங்களைப் போன்றவர்களிடம் கேட்கிறீர்கள். நாங்களும் மழையிலிருந்து ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் மாதிரி ஒன்றைக் கணினியில் ஓட்டி, தடித்த அறிக்கையாகக் கொடுக்கிறோம். அதில் பெரும்பாலும் உங்கள் கண் போவது ஒரே எண்ணின் மீதுதான்: நாஷ்–சட்கிளிஃப் மதிப்பு. 0.8க்கு மேல் இருந்தால் சரி, கையெழுத்து விழுந்துவிடும். இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

1970இல் வந்த அந்த அளவுகோல், "தினமும் சராசரி ஓட்டமே வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட மாதிரி எவ்வளவு தேவலை என்று பார்க்கிறது. 1 என்றால் அளந்ததோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. 0 என்றால் சராசரிக்கு மேல் ஒன்றும் தேறவில்லை. மழைக்காலத்தில் கரைபுரண்டு கோடையில் காய்ந்துபோகும் ஆற்றில், சராசரியை ஜெயிப்பது என்ன பெரிய காரியம்? பருவம் மாறுவதைப் பிடித்தாலே மதிப்பு ஏறிவிடும். உங்கள் பாலத்துக்கு வேண்டிய பெருவெள்ளத்தைப் பற்றி அந்த எண் தனியாக எதுவும் சொல்வதில்லை.

உள்ளே நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒரு கணக்கு காட்டுகிறேன். மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு வழிந்தோடும் என்பதற்குப் பலரும் எடுப்பது கர்வ் நம்பர் முறை. மண் வகையையும் நிலப் பயன்பாட்டையும் பார்த்து அட்டவணையிலிருந்து ஓர் எண் எடுப்போம். 100 மி.மீ. மழைக்கு 75 என்று போட்டால் ஏறத்தாழ 41 மி.மீ. ஓடும். 85 என்று போட்டால் 61 மி.மீ. முந்தைய நாள்களின் மழையில் மண் எவ்வளவு நனைந்திருந்தது என்பதை வைத்தே இந்த எண் இவ்வளவு தூரம் நகரலாம். 500 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் அந்த 20 மி.மீ. வித்தியாசம் ஒரு கோடி கன மீட்டர் தண்ணீர். அறிக்கையில் அது ஒரு அட்டவணையின் ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

சரி, அளந்த ஓட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்தத்தானே செய்கிறோம் என்பீர்கள். பெரும்பாலான நிலையங்களில் தினமும் அளப்பது நீர்மட்டத்தை மட்டும். மட்டத்தை ஓட்டமாக மாற்ற ஒரு வளைகோடு உண்டு. அவ்வப்போது ஆற்றில் இறங்கியோ பாலத்தின் மேலிருந்தோ வேகத்தை அளந்து வரைந்தது. பெருவெள்ளத்தில் அங்கே போய் யார் அளப்பது? கோட்டை மேலே நீட்டிவிடுகிறார்கள். ஆக, நாங்கள் பொருத்திக் காட்டும் 'அளந்த' உச்சத்திலும் பாதி ஊகம்தான்.

போதாக்குறைக்கு, வெவ்வேறு அளவுருத் தொகுதிகள், அதாவது மாதிரிக்குள் நாங்கள் போடும் கர்வ் நம்பர் போன்ற எண்களின் தொகுப்புகள், பழைய பதிவோடு ஒரே அளவுக்குப் பொருந்தும். பெருமழையைக் கொடுத்ததும் ஆளுக்கொரு பக்கம் போகும். அதில் ஒன்றை மட்டும் எடுத்து 'இதுதான் விடை' என்று நாங்கள் தருவது எங்கள் வசதிக்கு.

ஆகவே இனி எங்களிடம் இதைக் கேளுங்கள். மாதிரியைப் பொருத்தும்போது தொடாத ஆண்டுகளில் அது எப்படி நடந்துகொண்டது? பெருவெள்ளத்துக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்றால், வறண்ட ஆண்டுகளில் பொருத்தி ஈரமான ஆண்டுகளில் சோதித்தீர்களா? நீரியலாளர் விட் கிளெமெஷ் 1986லேயே வலியுறுத்திய சோதனை இது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். அப்புறம், வளைகோட்டில் நேரடியாக அளந்த மிக உயர்ந்த மட்டம் எது, நீங்கள் சொல்லும் உச்சம் அதற்கு எவ்வளவு மேலே இருக்கிறது? விடையாக ஒற்றை எண் வேண்டாம், கீழ் எல்லையும் மேல் எல்லையும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

வாய்மொழியாகக் கேட்டால் நழுவிவிடுவோம். ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கான நாள்களையும் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள். முணுமுணுப்போம்தான், ஆனாலும் செய்வோம்.

இப்படிக்கு,
மாதிரிகளோடு மல்லுக்கட்டும் நீரியலாளர் ஒருவர்