கொத்தாத கல்

ஃபுளோரன்ஸ், இத்தாலி

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சி கையெழுத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. சாப்பாடு எப்படி என்று அம்மா கேட்டிருந்தார்கள். இந்த ஊர் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். ஊறுகாய் இன்னும் இருக்கிறது, குறையில்லை. குளிர்தான் காதைப் பிய்க்கிறது. ஓட்டலுக்கு இப்போது பஸ் ஏறுவதில்லை. நடப்பது உடம்புக்கு நல்லது.

வழியில் முன்பு இந்த ஊரை ஆண்ட பணக்கார மெடிச்சி குடும்பத்தாரின் மாளிகை, 1444இல் கட்டத் தொடங்கியது. நீங்கள் பார்த்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டுத் திட்டுவீர்கள். கீழ்த்தளம் முழுக்கக் கல்லின் முகத்தைக் கொத்தாமல் புடைத்தபடியே விட்டிருக்கிறார்கள். நடுத்தளத்தில் முகம் தட்டை, இணைப்புகளில் மட்டும் பள்ளக்கோடு. மேல்தளம் வழவழப்பு. கீழே முடிக்காமல் மேலே எப்படி முடித்தார்கள்?

பக்கத்து அறைக் கிழவர் கல்வேலை பார்த்து ஓய்ந்தவர். நான் சுடும் சப்பாத்தியின் விளிம்பு கோணல் என்று சண்டைக்கு வருகிற ஆள். "முகத்தைப் பார்க்காதே, மூட்டைப் பார்" என்று இழுத்துப்போய்க் காட்டினார். விளிம்புகள் அவ்வளவு சுத்தம். முரடு, வேண்டுமென்றே வைத்த முரடு! கிரேக்கர்கள் கல்லைத் தூக்கிவைக்கவும், முனை உடையாமல் காக்கவும் குமிழ் விட்டு, பிறகு செதுக்கி எடுப்பார்களாம். ஏதென்ஸ் குன்றின் வாசல் மண்டபம் முழுதாக முடியவில்லை. அந்தக் குமிழ்கள் இன்றும் சுவரில் நிற்கின்றன. இங்கேயோ பணக்காரர்கள் முடியாத வேலை போன்ற தோற்றத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். நம் தாரமங்கலத்துக் கோயில் யாளியின் வாயில் உருளும் கல்லுருண்டையைச் சொன்னேன், நம்பவில்லை. தங்கச்சியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மெடிச்சி வீட்டுப் பெண் ஒருத்தி பிரான்ஸ் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். புருஷன் போன பிறகு, பிறந்த ஊர் பிட்டி மாளிகை மாதிரியே வேண்டும் என்று 1615இல் பாரிஸில் ஒன்று கட்டத் தொடங்கினாள். லக்சம்பர்க் மாளிகை. அதிலும் இதே புடைத்த கல். ராணிக்கே அப்படி. எனக்கு மாளிகை வேண்டாம் அப்பா, விடிகாலையில் நம் பட்டறை உளிச்சத்தம் ஒரு நாள் கேட்டால் போதும்.

அது இருக்கட்டும். கிணற்றுப் பங்குக்குச் சித்தப்பா நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மாமாவோடு போய் முதலில் வில்லங்கச் சான்று எடுங்கள். பட்டா இன்னும் கூட்டாகத்தானே இருக்கிறது? இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாகும், ஓட்டலில் சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை. அதற்குள் தங்கச்சியின் கல்லூரிக் கட்டணம் வந்தால் பெரியம்மாவிடம் கேளுங்கள். சித்தப்பாவிடம் வேண்டாம், அதையும் கிணற்றுக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

அன்பு மகன்