மின்விசிறியில் பெயர்

துபாய்,
ஞாயிறு இரவு.

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கோயிலுக்கு நாம் வாங்கிக் கொடுக்கிற மின்விசிறியில் அப்பா பெயரை எழுதவா, உன் பெயரை எழுதவா என்று போனில் கேட்டீர்கள். அப்போது சொல்ல வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அந்த நேரம் நிழலில் படுத்துக் கிடப்போம். மற்றபடி வேலை, கேம்ப், சமையல், தூக்கம். எங்களுக்கு ஞாயிறுதான் லீவு.

ஆராதனைக்கு ஊத் மேத்தா போவேன். ஹோலி டிரினிட்டி ஆலய வளாகத்தைப் பல மொழிச் சபைகள் நேரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகின்றன. நாங்கள் ஆமென் சொல்லும்போதே அடுத்த சபையார் வாசலில் நிற்பார்கள். அதற்குள் நாற்காலி, பாட்டுப் புத்தகம் எல்லாம் ஒழுங்காக வேண்டும். நாசரேத் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அதைப் பார்த்துக்கொள்வார். ஒரு வருஷமாக அவரை நாற்காலி அடுக்குகிறவராகத்தான் எனக்குத் தெரியும்.

போன மாதம் எங்கள் ரூமில் இருந்த பீகார் பையன் தூக்கத்திலேயே இறந்துபோனான். 26 வயது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரோ அண்ணாச்சியின் நம்பரைக் கொடுத்தார்கள். ராத்திரியே வந்துவிட்டார். போலீஸ் கடிதம், இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, நம் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, முஹைஸ்னாவில் உடலைப் பதப்படுத்துகிற இடம், அப்புறம் விமானச் சரக்குப் பிரிவு. எல்லா இடத்துக்கும் கூடவே வந்தார். ஒவ்வொரு தாளும் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து, பெயரின் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரலை ஓட்டி, உதடு அசைய வாசித்தார். ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். "தகப்பன் அங்க ஏர்போர்ட்ல காத்துக் கிடப்பாரு தம்பி" என்றார்.

அந்தப் பையன் நம் சபை இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. அவன் அப்பா போனில் அழுதபோது அண்ணாச்சி தனக்குத் தெரிந்த இந்தியில் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னார். அப்புறம் போனை வைக்காமல் அந்த அழுகையைக் கேட்டபடியே வெகுநேரம் நின்றார்.

இப்படி எத்தனை பேரை ஊருக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். எண்ணினதில்லை என்றார். அடுத்த ஞாயிறு, இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லட்டுமா என்று போய்க் கேட்டேன். "வேண்டாம் தம்பி, வெளிய ஆள் நிக்கிறாங்க. அந்த நாற்காலியைப் பிடிங்க" என்றார். பிடித்தேன். இப்போது வாராவாரம் பிடிக்கிறேன்.

அன்று ராத்திரி உங்கள் பிடி அரிசிதான் நினைவுக்கு வந்தது. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துப் பழைய பால்பவுடர் டின்னில் போடுவீர்களே. அப்பாவுக்கு வேலை இல்லாத வருஷத்தில், நமக்கே கஞ்சிதான் என்றபோதும் போட்டீர்கள். நான்கூட ஒருதரம் கோபப்பட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கோயில் பெட்டியில் கொட்டியதும் எல்லார் அரிசியோடும் கலந்துவிடும். எந்த மணி யார் வீட்டுடையது என்று சபைப் போதகர் ஐயருக்கும் தெரியாது. டோனாவூருக்குக் கூட்டிப்போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951-ல் கண்மூடும் வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தாயை அழைக்கிற ஒரே ஒரு சொல்லை மட்டும் பொறித்தார்கள். அதைக் காட்டியதே நீங்கள்தான்.

அதனால் மின்விசிறியில் யார் பெயரும் வேண்டாம் அம்மா. அப்பாவிடமும் நான் பேசுகிறேன். கடையில் இப்போதே சொல்லிவிடுங்கள், எழுதிவிட்டால் அழிப்பது கஷ்டம். முன்னால் மாட்ட வேண்டாம். பின் தூணுக்குப் பக்கத்தில், அரிசிப் பெட்டி இருக்கிற இடத்தில், வயதான அம்மாமார் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அங்கே மாட்டச் சொல்லுங்கள். பணம் 5-ம் தேதி அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகன்