தண்ணீர் டம்ளரைப் பார்த்தபடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 மார்ச் 28 மதியம் மண்டலே பக்கம் 7.7 அளவில் நிலம் குலுங்கியதிலிருந்து என் அக்கா எங்களோடு ரங்கூனில்தான் இருக்கிறார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் தலைமாட்டில் டம்ளர் வைத்து, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார். செருப்பு வாசலைப் பார்த்தபடி கிடக்க வேண்டும். தெருவில் லாரி போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

காட்டிய இடத்தில் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்புறம் தெரிந்த நர்ஸ் ஒருவர், பாதத்தைத் தரையில் அழுத்தி உட்காரவைத்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லிக்கொடுத்தார். மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு தணியும். உடம்பு அடங்கிய பிறகுதான் அக்காவுக்குப் பேச்சே வந்தது, அழுகையும்.

மூச்சுப் பயிற்சியே போதும் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் தாண்டியும் பயம் விடாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். (எங்கள் தெருவில் 'மந்திரித்துக் கட்டு' என்று சொல்லாத ஆளில்லை!) நம் கோயில் மண்டபங்களில் வாரம் ஒரு மணி நேரம் இப்படிப் பயந்துபோனவர்களுக்கென ஒதுக்கக் கூடாதா? அன்னதானத்துக்கு இடம் இருக்கிறதே.

ஒரு வாசகி,
ரங்கூன்