உன் குரல் எந்த வாய்க்காலில் வரும்?

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

நீ பாடி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். குரல் கொஞ்சம் கனத்திருக்கிறது. ஆனால் சரணத்தில் மேலே ஏறி நிற்கிற அந்த நிற்பு, அன்றைக்கு மேடையில் எப்படி நின்றாயோ அப்படியே இருக்கிறது. கடைசியில் "துபாயில இருந்தே நம்ம கரோக்கில நானும் பாட முடியுமாடா?" என்று கேட்டிருக்கிறாய். முடியும். ஆனால் எப்படி என்பதைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊர்ச் செய்தி முதலில். முனிச்சாலையில் டி.எம்.எஸ். ஐயாவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் திறந்தார்கள், நீ கடைசியாக வந்துபோனபோது அது இல்லை. 1922-இல் இதே மதுரையில் பிறந்தவர். அவர் பாட்டைப் பாடித்தானே நீ திருவிழா திருவிழாவாகக் கைதட்டு வாங்கினாய். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

நம் மெல்லிசைக் குழுவில் இப்போது யாரும் வாசிப்பதில்லை. தபேலா அண்ணனுக்குக் கை வலி. கீபோர்டுக்காரர் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மீதி ஆட்கள் சேர்ந்து அண்ணாநகரில் மாதக் கடைசி ஞாயிறு ஒரு மாடி ஹாலில் கரோக்கி நடத்துகிறோம். குரல் இல்லாமல் இசை மட்டும் பதிவான ட்ராக்கை ஓடவிட்டு அதோடு பாடுவது. கரோக்கி என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் 'வெறுமையான வாத்தியக் குழு' என்று பொருளாம். 1971-இல் கோபே நகரத்தில் டைசுகே இனோவே என்ற வாத்தியக்காரர்தான் காசு போட்டால் ட்ராக் ஓடுகிற பெட்டியைச் செய்தார். அவரும் நம்மைப் போல மேடையில் வாசித்தவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ட்ராக் மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. ஆள் இல்லாத இடத்தில்தான் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் நான் செய்தது ஒரே ஒரு கேபிள். லேப்டாப்பின் இயர்போன் துளையில் இருந்து, பல சத்தங்களைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்ஸருக்கு. மேலூர்ப் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே மைக் செட் தம்பியிடம் இருந்தது இரண்டு பக்கமும் ஸ்டீரியோ பின் உள்ள கேபிள். அதைக் குத்தினோம். பாட்டு வருகிறது, ஆனால் டிரம் இல்லை, பேஸ் இல்லை. வயலின் மட்டும் தகரத்தில் உரசுகிற மாதிரி கேட்கிறது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். காரணம் பிறகுதான் புரிந்தது. மிக்ஸரின் அந்தத் துளை, வருகிற இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இடது, வலது இரண்டிலும் சமமாக இருப்பது கழிந்துவிடும். டிரம்மும் பேஸும் பெரும்பாலும் நடுவில்தான் பதிவாகியிருக்கும், அதனால் அவைதான் முதலில் காணாமல் போகின்றன. பாட்டில் இருந்து பாடகர் குரலை நீக்கி ட்ராக் செய்ய அந்தக் காலத்தில் பயன்படுத்தியதும் இதே கழித்தல் கணக்குதான். இப்போது இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டாகப் பிரிகிற கேபிளை டவுன் ஹால் ரோட்டில் வாங்கிப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

கேபிள் மாற்றிச் சரியானது. அப்புறம், அம்மன் பாட்டு ஒன்றின் நடுவில் மெசேஜ் வருகிற 'டிங்' சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. தொடர்ந்து நான்கு தடவை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் கும்பிட்ட கையைக் கீழே இறக்கிவிட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் இல்லை, மாப்ள. லேப்டாப்பில் எழுகிற எல்லாச் சத்தமும் ஒரே குழாயில் கலந்து ஹாலுக்குப் போகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

உங்கள் ஊர்க் கண்மாயில் உன் அப்பா மண்வெட்டியோடு நிற்பாரே, எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் என்று விரல்நுனியில் வைத்திருப்பாரே, அதே வேலைதான் இது. தண்ணீர் ஒன்று, போகவேண்டிய வயல் பல. வயல்களை முதலில் எண்ணிக்கொள்ள வேண்டும். நான் ஒரு தாளை எடுத்து யார் யார் கேட்கிறார்கள் என்று எழுதினேன். ஹாலில் இருக்கிறவர்கள். யூடியூபில் நேரலையாகப் பார்க்கிற பேரன் பேத்திகள். போனிலோ ஜூமிலோ வெளியூரில் இருந்து பாட வருகிற ஆள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிற நான். நான்கு பேருக்கும் ஒரே கலவை சரிப்படாது. இதைத் தாளில் எழுதியவுடனேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது.

கணினிக்குள் வாய்க்கால் வெட்ட மென்பொருள் இருக்கிறது. நான் வைத்திருப்பது வாய்ஸ்மீட்டர் பனானா, விண்டோஸில் ஓடும். பிரான்சுக்காரர் வின்சென்ட் பியூரெல் செய்தது. இறக்கிப் பயன்படுத்தலாம், பிடித்திருந்தால் பணம் கொடு என்று விட்டிருக்கிறார். நான் கொடுத்தேன், நீயும் கொடு. அதை நிறுவினால் லேப்டாப்புக்கு இல்லாத ஸ்பீக்கர்கள் இருப்பது போலக் காட்டும். ஒரு மென்பொருள் அந்தப் பொய் ஸ்பீக்கரில் சத்தத்தை ஊற்றும். மறுமுனையில் அது மைக்கில் இருந்து வருவது போல இன்னொரு மென்பொருளுக்குக் கிடைக்கும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம். பனானாவில் நிஜமான உள்வழி மூன்று, பொய் உள்வழி இரண்டு. நிஜமான வெளிவழி ஏ1, ஏ2, ஏ3. பொய் வெளிவழி பி1, பி2. ஒவ்வொரு உள்வழிக்குப் பக்கத்திலும் இந்த ஐந்து பொத்தான்கள் இருக்கும். அவைதான் மடைகள்.

ட்ராக் ஓடுகிற மென்பொருளை முதல் பொய் உள்வழிக்கும், ஜூமில் வருகிற குரலை இரண்டாவது பொய் உள்வழிக்கும் அனுப்புகிறேன். எந்த மென்பொருளின் சத்தம் எங்கே போகவேண்டும் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிற வசதி 2018-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. விண்டோஸ் 11-இல் ஒலி அமைப்புகளுக்குள் வால்யூம் மிக்ஸரைத் திறந்தால் இருக்கும். ஹாலுக்குப் போகிற கேபிளை இயர்போன் துளையில் இருந்து எடுத்து, யூஎஸ்பியில் மாட்டுகிற தனி ஒலிப்பெட்டியில் செருகிவிட்டு, லேப்டாப்பின் பொதுவான சத்தம் அதன் சொந்த ஸ்பீக்கரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். இனி 'டிங்' வந்தாலும் என் மேஜையைத் தாண்டாது.

ட்ராக்குக்கு மூன்று மடை திறந்திருக்கும்: ஹாலுக்கு ஏ1, ஜூமுக்கு பி1, நேரலைக்கு பி2. ஜூமில் வருகிற குரலுக்கு ஏ1, பி2 மட்டும். பி1-ஐத் திறந்தால் பாடுகிறவருக்கு அவர் குரலே தாமதமாகத் திரும்பிப் போகும். சொந்தக் குரல் கால் நொடி கழித்துக் காதில் விழுந்தால் எப்பேர்ப்பட்ட பாடகரும் தடுமாறிப்போவார், நான் பார்த்திருக்கிறேன். யார் எதை அனுப்புகிறாரோ, அவருக்கு அதை மட்டும் கழித்துவிட்டு மீதி எல்லாம் போகவேண்டும். வானொலி நிலையங்களில் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள்.

ஹாலில் பாடுகிறவர்களின் மைக் கதை வேறு. அதை ஹாலுக்கு அனுப்பும் வழியில் கணினிக்குள் விடவே கூடாது. மைக் நேராக மிக்ஸர், மிக்ஸரில் இருந்து ஸ்பீக்கர். மிக்ஸரில் இருந்து தனியாக ஒரு கிளை எடுத்து, மைக் சத்தத்தை மட்டும் லேப்டாப்புக்குக் கொடுத்து, பி1, பி2 திறக்கிறேன். ஏ1 மூடியே இருக்கும். திறந்தால் ஒரே குரல் ஹாலில் இரண்டு தடவை கேட்கும், சில நேரம் வீல் என்று அலறவும் செய்யும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பாய். கணினி சத்தத்தைக் கை நிறைய அள்ளிச் சேர்த்துத்தான் அடுத்த இடத்துக்கு ஊற்றும். சத்தத்தை நொடிக்கு 48,000 தடவை அளந்தெடுத்த மாதிரிகள் என்று வைத்து, ஒரு கைக்கு 512 என்றால் ஒரு அள்ளலுக்கே ஏறத்தாழ 11 மில்லிநொடி. உள்ளே வர ஒன்று, கலக்க ஒன்று, வெளியே போக ஒன்று என்று அது கூடிக்கொண்டே போகும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக 3 மில்லிநொடி ஆகிறது. அப்படிப் பார்த்தால் 33 மில்லிநொடி என்பது உன் ஸ்பீக்கரைப் பதினோரு மீட்டர் தள்ளி வைத்த கணக்கு. கையை 128 ஆகச் சுருக்கலாம், ஆனால் பழைய லேப்டாப் மூச்சு வாங்கும், கரகரவென்று முறியும். ட்ராக் தாமதமானால் யாருக்கும் தெரியாது, எப்போது வருகிறதோ அதோடு சேர்ந்து பாடிவிடலாம். குரல் தாமதமானால்தான் பாட்டு கெடும். இதனால்தான் தாமதம் கூடுகிற புளூடூத் ஸ்பீக்கரில் மைக்கை விடாதே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் கதை. இங்கே ட்ராக்கை ஓடவிட்டு, அதை ஜூமில் கேட்டு நீ பாடினால் நடக்காது. மதுரைக்கும் துபாய்க்கும் நேர்கோட்டிலேயே சுமார் 3,000 கிலோமீட்டர். ட்ராக் உன்னிடம் வர ஒரு தாமதம், உன் குரல் இங்கே வர இன்னொரு தாமதம். நடுவில் ஜூம் வேறு தடங்கல் வராமல் இருக்கச் சத்தத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துத்தான் கொடுக்கும். உனக்குத் தாளம் சரியாக இருக்கும், ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நீ ஒரு அடி பின்னால் பாடுவாய். அதே காரணத்தால் நாம் இரண்டு பேரும் டூயட் பாட முடியாது. அதைச் சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ட்ராக் உன் பக்கத்தில் ஓடினால்? அதுவும் உன் குரலும் அங்கேயே கலந்து ஒன்றாகக் கிளம்பினால், எவ்வளவு தாமதமாக வந்தாலும் சேர்ந்தேதான் வரும். ஹாலில் இருக்கிறவர்களுக்கு நீ பக்கத்து அறையில் பாடுவது போலத்தான். ஆகவே யூஎஸ்பி உள்ள சின்ன மிக்ஸர் ஒன்று வாங்கு, மைக்குக்கு ஒரு துளை, ட்ராக்கின் இடது வலதுக்கு இரண்டு துளை இருந்தால் போதும். லேப்டாப்பின் இயர்போன் துளையில் இருந்து ட்ராக் அதற்குள் போகட்டும், பிரிகிற கேபிளோடு. உன் மைக்கும் அதற்குள் போகட்டும். இரண்டும் கணினிக்கு வெளியே கலந்து, யூஎஸ்பி வழியாக உள்ளே வந்து, ஜூமின் மைக்காகப் போகட்டும். கம்பி உள்ள ஹெட்போனை மிக்ஸரிலேயே மாட்டு. பாடும்போது எங்கள் சத்தத்தை முழுக்க மூடிவிடு, நாங்களும் இங்கே எல்லா மைக்கையும் மூடிவிடுவோம். பாட்டு முடிந்த பிறகுதான் கைதட்டு உனக்குக் கேட்கும், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை மறக்காமல் போடு. இல்லாவிட்டால் அது வயலினை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். எல்லா இடத்திலும் மாதிரிக் கணக்கை 48,000 என்றே வை. சார்ஜரைச் செருகியவுடன் உர்ர் என்று உறுமினால் எர்த் காலை வெட்டிவிடாதே, இங்கே சிலர் செய்கிறார்கள், உயிருக்கே ஆபத்து. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில், ஒலிக் கேபிளில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும். பாப்பாவின் மேக் கணினியில் செய்வதாக இருந்தால் வாய்ஸ்மீட்டர் கிடைக்காது, பிளாக்ஹோல் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது. ஆனால் மிக்ஸர் வாங்கிவிட்டால் உனக்கு அதுவும் தேவைப்படாது.

வருகிற சனிக்கிழமை ஒத்திகை வைத்துக்கொள்வோம். இங்கே இரவு 8 மணி, உனக்கு 6.30. மிக்ஸர் வராவிட்டாலும் பரவாயில்லை, ட்ராக்கைப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு லேப்டாப் முன்னால் நின்று பாடு, வழியாவது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். பழைய ஐந்து கட்டையிலேயே எடு. கஷ்டமாக இருந்தால் ட்ராக்கை அரைக் கட்டை இறக்கிக்கொள். தபேலா அண்ணனிடம் சொல்லிவிட்டேன், வருகிறேன் என்றார். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்