கார்த்திக், ஓட்டுப் போடும் முன்

ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா
17 அக்டோபர் 2024

அன்புள்ள கார்த்திக்,

"இந்தத் தடவை டிரம்புக்குத்தான்மா போடப்போறேன்" என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவும் நானும் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். போனில் பேசினால் நம் இரண்டு பேருக்குமே குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படி. படித்த பிறகும் உன் ஓட்டு உன்னுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நீ சொன்ன காரணங்களை நான் ஒதுக்கவில்லை. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம் வரை போனது. மளிகைக்கு நான்தானே போகிறேன், எனக்குத் தெரியாதா? எல்லை விஷயத்தில் பைடன் அரசு தாமதமாகத்தான் கண் விழித்தது என்பது என் எண்ணமும். கமலா ஹாரிஸ் 2019இல் ஃப்ராக்கிங்கை, அதாவது பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை, தடை செய்வேன் என்றார், இப்போது செய்யமாட்டேன் என்கிறார். அந்தத் தொழில் நடக்கிற பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்கில் இருக்கிற உனக்கு அது உறுத்துவது நியாயம்.

இங்கே கோயிலில் பார்க்கிற மாமிகள் எல்லாரும் "நம்ம பொண்ணு" என்று பூரிக்கிறார்கள். கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் 1958இல், 19 வயதில், தனியாகப் புறப்பட்டு வந்து பெர்க்லியில் படித்தவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்குத் தெரியும், பெருமையும் உண்டு. ஆனால் தாய்வழிப் பூர்வீகம் தமிழ்நாட்டில் துளசேந்திரபுரம் என்பதற்காக ஒருவரிடம் வெள்ளை மாளிகையைக் கொடுத்துவிட முடியாது. நான் ஹாரிஸுக்குப் போடுவது அதற்காக இல்லை.

குடியுரிமை வாங்கிய பிறகு நான் பூத் வேலைக்குப் போக ஆரம்பித்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது சொல்கிறேன். காலை 7 மணிக்குக் கதவு திறக்கும் முன்பே ஓட்டு எண்ணும் ஸ்கேனர் காலியாக இருக்கிறது, ஒரு ஓட்டும் ஏறவில்லை என்று காட்டும் தாளை அச்சடித்துக் கையெழுத்துப் போடுவோம். ராத்திரி 7 மணிக்கு மூடியதும் எண்ணிக்கைத் தாளை அச்சடித்து, பூத் கதவிலேயே ஒட்டிவிடுவோம். போகிற வருகிற யாரும் நின்று படிக்கலாம். என் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற அம்மா பரம்பரை ரிபப்ளிகன், டிரம்ப் கட்சி. அவர் யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியும், நான் யாருக்கு என்று அவருக்கும் தெரியும். இருந்தும் ஒரே தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மேஜைதான்.

2020இல் அந்த மேஜையைத்தான் டிரம்ப் எட்டி உதைத்தார். ஜார்ஜியாவில் அவர் தோற்றது 11,779 ஓட்டில். ஏறக்குறைய 50 லட்சம் ஓட்டையும் முதலில் இயந்திரத்தில் எண்ணினார்கள், பிறகு கையால் எண்ணினார்கள், அவர் தரப்பு கேட்டதற்காக மறுபடியும் இயந்திரத்தில் எண்ணினார்கள். மூன்று முறையும் முடிவு மாறவில்லை. அதற்குப் பிறகும் 2021 ஜனவரி 2ஆம் தேதி தேர்தலைக் கவனிக்கிற மாநிலச் செயலாளர் பிராட் ராஃபன்ஸ்பெர்கரைப் போனில் கூப்பிட்டு, எனக்கு 11,780 ஓட்டு வேண்டும், கண்டுபிடித்துக் கொடு என்றார். ஒலிப்பதிவு இருக்கிறது, நீயே கேள். ராஃபன்ஸ்பெர்கர் டெமக்ராட் இல்லை, ரிபப்ளிகன். டிரம்ப் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பியவர். உன்னைப் போலவே சிவில் இன்ஜினியர். எண் என்ன சொல்கிறதோ அதுதான் என்று நின்றார். அவரும் கவர்னர் பிரையன் கெம்பும் இல்லாவிட்டால் என் ஓட்டு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் கட்சிக்கு நான் ஓட்டுப் போடாவிட்டாலும் அந்த நன்றி எனக்கு உண்டு.

ரூபி ஃப்ரீமன், ஷே மாஸ் என்று இரண்டு பேர், தாயும் மகளும். நம் ஃபுல்டன் கவுண்ட்டியில் ஓட்டு எண்ணியவர்கள். தாய் அந்தத் தேர்தலுக்காகத் தற்காலிக வேலைக்கு வந்தவர். எண்ணும் இடத்தில் தாய் மகள் கையில் எதையோ கொடுக்கிற வீடியோவைக் காட்டி, அது யுஎஸ்பி என்று சொன்னார் டிரம்பின் வக்கீல் ரூடி ஜூலியானி. உண்மையில் அது ஒரு இஞ்சி மிட்டாய். ராஃபன்ஸ்பெர்கரிடம் பேசிய அந்தப் போனில் டிரம்ப் அந்தத் தாயின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாட்டின் ஜனாதிபதி, சம்பளத்துக்கு ஓட்டு எண்ண வந்த ஒரு பெண்ணின் பெயரை! கொலை மிரட்டல்கள் வந்தன. ஷே மாஸின் பாட்டி வீட்டுக் கதவை வந்து தட்டினார்கள். எஃப்பிஐ சொல்லி ஃப்ரீமன் தன் வீட்டை விட்டே போய் இருக்க வேண்டியதாயிற்று. எந்த மோசடியும் நடக்கவில்லை என்று 2023 ஜூனில் மாநில விசாரணை முடிந்தது. அந்த டிசம்பரில் ஜூலியானி அவர்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் தரவேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2022 ஜூனில் அவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு முன் பேசியதைப் பார்த்தாயானால், அந்தப் பணம் எதைத் திருப்பித் தரும் என்று நீயும் கேட்பாய். வெளியில் தன் பெயரைச் சொல்லவே பயமாக இருக்கிறது என்றார் அந்த அம்மா. நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன் கார்த்திக். அந்த வீடியோவில் நான் இருந்திருக்கலாம்.

எங்கள் கட்சி ஸ்டேசி ஏப்ரம்ஸ் மட்டும் என்ன யோக்கியம் என்று நீ கேட்பாய். 2018 கவர்னர் தேர்தலில் கெம்பிடம் சுமார் 55,000 ஓட்டில் தோற்றபோது, தோல்வியை ஒப்புக்கொள்ளும் பேச்சு இது இல்லை என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே அதை உன்னிடம் சொன்னேன். ஆனால் அவர் எந்த அதிகாரிக்கும் போன் போட்டு ஓட்டைக் கண்டுபிடி என்று கேட்கவில்லை. யாரையும் நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலுக்கு அனுப்பவும் இல்லை. கெம்ப்தான் ஜெயித்தவராக அறிவிக்கப்படுவார் என்பதையும் அதே பேச்சில் ஏற்றுக்கொண்டார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

ஜார்ஜ் புஷ்ஷிடம் தோற்ற டெமக்ராட் ஆல் கோரை உன் வயதுக்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 2000இல் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். நாடு முழுக்கப் பார்த்தால் அவருக்குத்தான் 5 லட்சத்துக்கு மேல் அதிகம். உச்ச நீதிமன்றம் 5-4 என்று முடித்துவைத்த மறுநாள், டிசம்பர் 13ஆம் தேதி, தோல்வியை ஏற்றுக்கொண்டார். 2001 ஜனவரி 6ஆம் தேதி துணை ஜனாதிபதி என்ற முறையில் காங்கிரஸில் தன் தோல்வியைத் தானே தலைமை தாங்கி எண்ணவைத்தார். ஆட்சேபித்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். செனட்டர் ஒருவருடைய கையெழுத்து இல்லையே, விதி இடம் கொடுக்காது என்று ஒவ்வொருவராக உட்காரவைத்தார். இருபது வருஷம் கழித்து அதே ஜனவரி 6இல் அதே நாற்காலியில் உட்கார்ந்த, டிரம்பின் துணை ஜனாதிபதி மைக் பென்ஸும் விதிப்படிதான் நடந்தார். அதற்காக அவரைத் தூக்கில் போடு என்று டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் வெளியே கத்தியது. இன்றைக்கு அந்தப் பென்ஸே டிரம்பை ஆதரிக்க மறுக்கிறார்.

"அது பழைய கதைம்மா" என்றாய். பழைய கதை இல்லை. இந்த மாதம் 1ஆம் தேதி துணை ஜனாதிபதி வேட்பாளர்கள் விவாதத்தில் ஹாரிஸ் பக்கத்து டிம் வால்ஸ் நேருக்கு நேர் கேட்டார், 2020இல் டிரம்ப் தோற்றாரா இல்லையா என்று. டிரம்ப் பக்கத்து ஜே.டி. வான்ஸ் பதில் சொல்லவில்லை. ஆகஸ்ட்டில் அட்லாண்டா கூட்டத்தில் எங்கள் மாநிலத் தேர்தல் வாரிய உறுப்பினர்கள் மூன்று பேரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார் டிரம்ப். அடுத்த மாதமே அந்த மூன்று பேர் ஓட்டில், 3-2 என்று, ஒரு விதி வந்தது: பூத் மூடியபின் மூன்று ஊழியர்கள் ஒவ்வொருவரும் எல்லா பேலட்டையும், அதாவது ஓட்டுச்சீட்டையும், கையால் எண்ண வேண்டும். விடியும் முன்னே வந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றவர்கள், கண் சொருகுகிற நேரத்தில் எண்ணினால் தப்பு வரத்தான் செய்யும். அந்தத் தப்பைக் காட்டியே முடிவைச் சந்தேகிக்கலாம். நேற்று முன்தினம் நீதிபதி அதை நிறுத்திவைத்தார், நேற்று இன்னொரு நீதிபதி செல்லாது என்றே சொல்லிவிட்டார். பயிற்சிக்கு வந்திருந்த நாங்கள் எல்லாரும், கட்சி பார்க்காமல், பெருமூச்சு விட்டோம்.

வரி கூடினால் அடுத்த தேர்தலில் குறைக்கலாம். எல்லைச் சட்டத்தை மாற்றி எழுதலாம். பிடிக்காத ஜனாதிபதியை நாலு வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். அதெல்லாம் நடக்க வேண்டுமென்றால், தோற்றால் போய்விடுவேன் என்று சொல்கிற ஆள் வேண்டும். ஹாரிஸ் போய்விடுவார். அவரிடம் எனக்கு வேறு குறைகள் இருக்கின்றன, இந்தக் குறை இல்லை. விஸ்கான்சினில் ரிப்பனுக்கு, ரிபப்ளிகன் கட்சி பிறந்த ஊருக்கு, அதே கட்சியின் முன்னாள் எம்.பி. லிஸ் செய்னி வந்து ஹாரிஸ் பக்கத்தில் நின்றது கொள்கை ஒத்துப்போனதால் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலங்களுக்கு உள்ள எலக்டோரல் ஓட்டு; எங்கள் 16 எலக்டோரல் ஓட்டைவிட உங்கள் பென்சில்வேனியாவின் 19 பெரிது. 2016இல் அங்கே வித்தியாசம் 44,292 ஓட்டுதான். அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

தபாலில் ஓட்டுப் போடுவதாக இருந்தால் விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 29. பேலட்டை முதலில் உள் உறையில் போட்டு ஒட்டு, பிறகு வெளி உறையில் வை. உள் உறை இல்லாவிட்டால் உங்கள் மாநிலத்தில் ஓட்டு செல்லாது. வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் போட மறக்காதே. நவம்பர் 5 ராத்திரி 8 மணிக்குள் அது கவுண்ட்டி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அன்றைக்குப் பூராவும் என் போன் அணைத்திருக்கும். அப்பாவைக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா