இரும்புக் குவாலி வாங்கப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் ஒட்டாத சட்டியை நீ படம் எடுத்து அனுப்பியதைப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, நடுவில் தகடு பல்லிளிக்கிறது. எட்டு மாதம்கூட ஆகவில்லையே! குரல் பதிவில் சொல்லலாம் என்றால் உன் அம்மா நடுவில் நுழைந்து பூண்டு விலை பேசுகிறாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அதைத் தூக்கிப் போடு. ஒட்டாத பூச்சு முட்டைக்கு, தோசைக்குச் சரி. மீ, அதாவது நூடுல்ஸ், பிரட்டுகிற சூட்டுக்கு அது பிறக்கவில்லை. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு போனை எடுத்தால் போதும், சில நிமிடத்தில் அந்தச் சூடு வந்துவிடும். வீட்டில் கிளி வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பார், அந்தப் புகை பறவையைக் கொன்றுவிடும் என்பார்கள்.

நம் கடையில் இருப்பது போலவே ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. நம்முடையது உருண்டை அடி, இரண்டு காது வைத்தது. கேஸ் சிலிண்டரில் இணைத்த பெரிய அடுப்பு, தீ சட்டியின் வயிறு முழுக்க ஏறும். சீனர்கள் வோக் என்று சொல்வதும் நாம் குவாலி என்பதும் இதைத்தான். அந்த உருவமே தீக்குழிக்குள் உட்காருவதற்காக வந்தது. உன் வீட்டில் தீயே கிடையாது. ஆஸ்திரேலியாவில் உங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1-லிருந்து, திட்ட அனுமதி வாங்கிக் கட்டுகிற புது வீடுகளுக்கு கேஸ் இணைப்பு இல்லை என்று நீதான் சொன்னாய். உன் இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடித்தளத்தில் உருண்டை அடியை வைத்தால் தொடுவது ஒரு காசு அகலம்தான். அங்கே மட்டும் கருகும், மற்ற இடம் பச்சையாகக் கிடக்கும்.

ஆகவே தட்டை அடி. உங்கள் இரண்டு பேருக்கு 12 அங்குலமே போதும் என்று கடைக்காரர் சொல்லலாம். நீ 14 வாங்கு. மீயைப் பிரட்ட இடம் வேண்டும், இல்லாவிட்டால் பாதி அடுப்பில் கிடக்கும். கார்பன் ஸ்டீல் என்று கேள். தகடு ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். அதைவிட மெல்லிசு என்றால் இண்டக்‌ஷனில் அடி வளைந்துகொள்ளும். கனத்த வார்ப்பிரும்பு வேண்டாம், அது வடை சுடுகிற சட்டி. சூடேறவும் நேரம், ஆறவும் நேரம். இதற்குச் சொன்னபடி கேட்கிற சட்டி வேண்டும். நீளக் கைப்பிடி ஒன்று இருக்கட்டும், மரமாக இருந்தால் திருகைக் கழற்ற முடிகிறதா பார். எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அழகான பெட்டியில் வருவதை விட்டுவிட்டு, மெல்பர்னில் ஸ்பிரிங்வேல் பக்கமோ பாக்ஸ் ஹில் பக்கமோ சீனர், வியட்நாமியர் கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதில் கையில் தூக்கிப் பார்த்து எடு. ஒரு கையால் தூக்க முடியாத சட்டி உனக்கு உதவாது.

வாங்கி வந்த சட்டியில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். சுடுதண்ணீர், சோப்பு, கம்பி நார் மூன்றும் போட்டு ஒருமுறை நன்றாகத் தேய். தாராளமாகக் கம்பி நார் போடுவது இந்த ஒரு தடவைதான். பிறகு துடைத்து அடுப்பில் ஏற்று. இண்டக்‌ஷனை எடுத்தவுடனே உச்சத்தில் வைக்காதே, நடுச்சூட்டில் மெதுவாக. சாம்பல் நிறம் மாறி நீலம் ஓடும். பயப்படாதே, அதுதான் வேண்டும். ஆறவிட்டு, துணியில் நாலு சொட்டு எண்ணெய் எடுத்து உள்ளும் புறமும் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடு. இங்கேதான் எல்லாரும் தப்பு செய்வது. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுவென்று கோந்து மாதிரி நிற்கும். மெல்லிய படலம் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். நீ கெமிஸ்ட்ரி படித்தவள், பாலிமர் என்றால் உனக்கே புரியும். நாங்கள் சட்டியைப் பழக்குவது என்போம், உன் பாட்டி தோசைக்கல்லைப் பழக்கியது போல.

இண்டக்‌ஷன் அடியை மட்டும் சுடவைக்கும், பக்கம் பழகாது. அதற்குத்தான் கைப்பிடியைக் கழற்றச் சொன்னேன். ஓவனில் 230 டிகிரியில் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் விடு. இரண்டு மூன்று முறை செய்தால் நல்லது. புகை வரும், ஜன்னலைத் திற. வாசற்கதவைத் திறந்து நடைபாதைக்குப் புகையை விட்டுவிடாதே. அடுக்குமாடிகளில் அங்கே இருக்கும் கருவி சத்தம் போட்டால் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும், கட்டணமும் உன் தலையில்தான்.

முதல் வாரம் எதையாவது வதக்கிக்கொண்டே இரு: இஞ்சி, வெங்காயத்தாள், கொழுப்புள்ள இறைச்சி. ரசம், புளிக்குழம்பு, நம் ஊர் அசாம் புளிக்கறி எதுவும் அதில் கொதிக்கக் கூடாது, புளிப்பு அந்தப் படலத்தைத் தின்றுவிடும். அப்படியானால் மீ கோரெங்கில் தக்காளி சாஸ் ஊற்றுகிறீர்களே என்று கேட்பாய். ஒரு தட்டு இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது, சாஸுக்குத் தின்ன நேரமில்லை.

சமைக்கும்போது சட்டி முதலில் காயட்டும். தண்ணீர் ஒரு துளி விட்டால் உடனே ஆவியாகாமல் முத்தாக உருண்டு ஓட வேண்டும். அப்புறம் எண்ணெய். ஒரு தட்டுக்கு மேல் போடாதே. இங்கே குவே தியாவ் என்கிற அரிசி நூடுல்ஸ் கடையில் பத்துப் பேர் நின்றாலும் கிழவர் ஒவ்வொரு தட்டாகத்தான் பிரட்டுவார், பார்த்திருக்கிறாயே. உன் அடுப்பு அவர் அடுப்பில் ஒரு மூலைக்குக் காணாது. நிறையப் போட்டால் தவ்கே முளைப்பயறு தண்ணீர் விட்டு, மீ வெந்து களியாகிவிடும். போட்டதும் கிண்டிக்கொண்டே இருக்காதே, கொஞ்சம் சும்மா விட்டுப் பிறகு திருப்பு. அந்தக் கருகல் வாசம் அப்போதுதான் வரும்.

சாப்பிட்டு முடிந்ததும் சட்டி சூடாக இருக்கும்போதே வெந்நீரும் மூங்கில் பிரஷும். தேவைப்பட்டால் சோப்பு ஒரு சொட்டு, ஒன்றும் ஆகாது. சோப்பே கூடாது என்பது காரம் மிகுந்த பழைய சோப்புக் காலத்துப் பேச்சு. ஊறப்போடாதே, பாத்திரம் கழுவும் மெஷினில் போடாதே. அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

துரு வந்தால் எனக்குப் படம் அனுப்பி அழாதே. தேய்த்து எடுத்து மறுபடி பழக்கு. உனக்குப் பதினொரு வயதில் பெருநாளுக்கு முதல் நாள், அத்தாவுக்கு ஆச்சரியம் தரவேண்டும் என்று கடைக் குவாலியைக் கொல்லையில் போட்டு இரண்டு மணி நேரம் தேய்த்து வெள்ளி மாதிரி ஆக்கினாய். நான் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் பெருநாள் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. பெருநாள் கழிந்து கடை திறந்த அன்று முதல் பத்துத் தட்டும் ஒட்டியது, நானே தின்றேன். மூன்று வாரத்தில் பழைய கறுப்பு வந்துவிட்டது. வந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனா இல்லையா என்று ஞாபகமில்லை. நேற்றும் அதில்தான் பிரட்டினேன்.

அடுத்த மாதம் அம்மா வரும்போது என் பழைய சட்டுவத்தைக் கொடுத்தனுப்புகிறேன், அதன் முனை தேய்ந்து சட்டி வளைவுக்குச் சரியாக உட்காரும். கைப்பிடி மரம். விமானத்தில் தரும் அட்டையில் மரப்பொருள் இருக்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். மறந்துவிடுவாள், இறங்குவதற்கு முன் நீயும் ஒரு மெசேஜ் போட்டுவிடு.

துஆவுடன்,
உன் அத்தா
பினாங்கு