2024-25 ஆண்டறிக்கை: பூல் ஆட்டத்தில் (பாக்கெட் உள்ள மேசையில் ஆடும் பில்லியர்ட்ஸ் வகை) கடின ஷாட் பயிற்சியும் தேர்வும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. அஸ்தம்பட்டிக் கூடத்தின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சேலத்திலும் ஏற்காட்டிலுமாக உள்ள இரண்டு ஒன்பதடி மேசைகளுக்கும் புதுத்துணி போடப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நமது சங்கம் இந்த ஆண்டு முழுமனத்துடன் எடுத்துச் செய்த பணி ஒன்றே ஒன்றுதான். கடினமான ஷாட்டுகளைப் பயிற்சியாகவும் தேர்வாகவும் ஒழுங்குபடுத்திய அந்தப் பணியைப் பற்றியே இவ்வறிக்கையின் பெரும்பகுதி அமைகிறது.

கடின ஷாட்டுகள் நம் கூடத்திற்குப் புதியவை அல்ல. ஆட்டம் முடிந்தபின் யாரேனும் ஒருவர் நான்கு பந்துகளை ஒட்டி வைத்து ஐந்தாவதைப் பாக்கெட்டில் போட்டுக் காட்டுவதும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவதும் எப்போதும் உண்டு. ஆனால் அதே ஷாட் எத்தனை முறைக்கு எத்தனை முறை விழுகிறது, சென்ற மாதத்தைவிட இந்த மாதம் கூடியிருக்கிறதா என்று எவரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்காத பயிற்சியில், விழுந்தது நினைவில் நிற்கிறது; விழாதது மறந்துபோகிறது. இதனால் தம் திறனைப் பற்றி ஆட்டக்காரருக்கு உண்டாகும் மதிப்பீடு, போட்டி மேசையில் நிற்கும்போது உதவாத மதிப்பீடாகிவிடுகிறது. இக்கருத்தைச் செயற்குழு ஏற்று, இரு மேசைகளிலும் ஒரே மாதிரி நடத்தக்கூடிய ஒரு தேர்வுத் தாளைத் தயாரிக்க முடிவு செய்தது.

தாளில் உள்ள ஒவ்வொரு ஷாட்டுக்கும் பந்துகளின் இடம் மாறக் கூடாது என்பதே முதல் விதி. கோப்புத் தாள்களின் துளையைச் சுற்றி ஒட்டும் சிறு வட்ட ஒட்டுத்தாள்களைத் துணியின்மேல் ஒட்டி, பந்தை அதன் நடுவில் வைத்தோம். மலிவான இந்த ஏற்பாட்டால் இடம் பற்றிய வாக்குவாதம் அறவே நின்றது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று முயற்சிகள் உண்டு. முதல் முயற்சியில் விழுந்தால் முழு மதிப்பெண். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மதிப்பெண் குறையும். கடினத்துக்கு ஏற்ப முழு மதிப்பெண் வேறுபடும். பன்னாட்டு அளவில் நடக்கும் கலைநய பில்லியர்ட்ஸ் போட்டிகளும் இப்படி மூன்று முயற்சிகளையும் கடின அளவையும் கொண்டே மதிப்பிடுவதால், நாம் புதிதாக ஒரு முறையைத் தேட வேண்டியிருக்கவில்லை.

தாளின் முதல் ஷாட்டைப் பார்த்ததும் உறுப்பினர்கள் பலர் ஏமாற்றம் அடைந்தார்கள். அது வளைவோ தாவலோ இல்லாத வெறும் நேர் ஷாட். மேசையின் மூலைக்கு மூலை செல்லும் கோட்டில் இலக்குப் பந்தையும், க்யூ என்னும் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தையும் இடைவெளி விட்டு வைத்து, இலக்குப் பந்தை மூலைப் பாக்கெட்டில் போட வேண்டும். வெள்ளைப் பந்து முதலில் மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும், அடுத்து முன்னே தொடர வேண்டும், மூன்றாவதாகப் பின்னே திரும்பி வர வேண்டும். இதை ஏன் கடின ஷாட் என்று கொண்டோம் என்பதற்குக் கணக்கே சான்று. பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம். மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறத்தாழ நான்கரை அங்குலம், அதாவது இரண்டு பந்து அகலம். இலக்குப் பந்து பாக்கெட்டிலிருந்து நான்கு அடி தள்ளி இருந்தால், மோதும் கணத்தில் வெள்ளைப் பந்தின் மையம் பக்கவாட்டில் ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. க்யூவை நேராகத் தள்ளத் தெரியாதவரை இந்த ஷாட் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பின்னே திரும்பும் வகையில், பந்தின் அடிப்பகுதியைத் தொட முயலும்போது கைப்பிடி இறுகுவதால் சிறு கோணல்கூடப் பெரிதாகிறது. நம் உறுப்பினர்களில் நன்றாக ஆடுபவர்களே இதில் மதிப்பெண் இழந்தார்கள் என்பதைப் பாராட்டுடனேயே பதிவு செய்கிறேன்; ஏனெனில் அவர்கள்தான் மறுவாரம் முதலில் வந்து இதே ஷாட்டைப் பயின்றார்கள்.

பந்து விழுவது மட்டும் போதாது என்பது இரண்டாவது விதி. வெள்ளைப் பந்து நின்றாக வேண்டிய இடத்தில் ஒரு தாளை விரித்து வைத்தோம். அதன்மேல் நின்றால்தான் முழு மதிப்பெண். இந்தப் பகுதிக்குத் துணையாக இரண்டு எளிய விதிகளை வகுப்பில் கற்பித்தோம். எந்தச் சுழற்சியும் இல்லாமல் வழுக்கிச் சென்று மோதும் வெள்ளைப் பந்து, இலக்குப் பந்து போகும் திசைக்குச் செங்குத்தாக விலகும். இயல்பாக உருண்டு சென்று மோதும் வெள்ளைப் பந்து, இலக்குப் பந்தின் கால் பங்கு மறையும் ‘கால் பந்து’ முதல் முக்கால் பங்கு மறையும் ‘முக்கால் பந்து’ வரை எந்த அளவில் பட்டாலும், தான் வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை விலகும். சுட்டுவிரலையும் நடுவிரலையும் விரித்து மேசைமேல் பிடித்தால் அந்தக் கோணம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பள்ளி மாணவர்களான இளம் உறுப்பினர்கள் இதை மூத்தவர்களைவிட விரைவாகப் பற்றிக்கொண்டார்கள்.

பயிற்சி நாளையும் தேர்வு நாளையும் தனித்தனியே வைத்தோம். பயிற்சி நாளில் ஒரு படிமுறையைப் பின்பற்றினோம். ஷாட் விழுந்தால் வெள்ளைப் பந்தை ஒரு சாண் பின்னே நகர்த்த வேண்டும். தவறினால் ஒரு சாண் முன்னே கொண்டுவர வேண்டும். சற்று நேரத்தில் அவரவருக்கு ஒரு தூரம் தானாகவே அமைந்துவிடும். அந்தத் தூரத்தில் அவர் பாதிக்குப் பாதி வெல்கிறார் என்று பொருள். அதையே அவரது குறிப்பேட்டில் எழுதுகிறோம். மிக எளிதான ஷாட்டை நூறு முறை போடுவதிலும், ஒருபோதும் விழாத ஷாட்டை நூறு முறை தவறவிடுவதிலும் நேரம் வீணாகிறது. தன் எல்லையில் நின்று பயில்வதற்கு இதைவிட நேர்மையான வழியை நான் கண்டதில்லை.

இலக்குப் பந்தைக் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) மோதவிட்டுப் போடும் பேங்க் ஷாட்டுகளும், வெள்ளைப் பந்தைக் குஷனில் மோதவிட்டு இலக்குப் பந்தை எட்டும் கிக் ஷாட்டுகளும் தாளின் நடுப்பகுதி. குஷன் விளிம்பிலுள்ள குறிகளை எண்ணி, எதிர்க் குஷனுக்கு அப்பால் ஒரு மேசை இருப்பதாகக் கருதி நோக்கும் பிம்ப முறையைத் தொடக்கமாகக் கொண்டோம். பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெய்ஸ் 1999இல், பூல் ஆட்டத்தின் ஒரு வகையான ஒன்பது பந்து ஆட்டத்தில் உலக சாம்பியன் ஆனவர். மறைந்திருக்கும் பந்தைக் குஷன் வழியாகத் தேடிப் பிடிப்பதில் உலகம் அவரை முன்னோடியாகக் கொண்டாடுகிறது. அவ்வகை ஷாட்டுகளை நம் உறுப்பினர்கள் அதிருஷ்டம் என்று ஒதுக்காமல், எண்ணிக் கணக்கிட்டு ஆடத் தொடங்கியிருப்பது இந்த ஆண்டின் நல்ல மாற்றம்.

இவ்விடத்தில் ஏற்காட்டு மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் தமது எஸ்டேட் பங்களாவில் இருந்த ஒன்பதடி மேசையை நம் பயன்பாட்டுக்கு அளித்திருப்பதை அனைவரும் அறிவீர்கள். சேலத்தில் பயின்றவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சென்று அதே தாளை எழுதியபோது, நேர் ஷாட்டுகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பேங்க் ஷாட்டுகளிலும் நீண்ட தூரம் பின்னே இழுக்கும் ஷாட்டுகளிலும் அவர்கள் தடுமாறினார்கள். மழை, பனிமூட்ட மாதங்களில் துணி ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. துணியின் உராய்வு கூடுவதால், பின்சுழற்சி இலக்குப் பந்தை எட்டுமுன்பே தேய்ந்துவிடுகிறது. குஷனில் பட்ட பந்து சேலத்தில் போவதைவிடக் குறுகிய கோணத்தில் திரும்புகிறது. மாறாகச் சித்திரை வெயிலில் சேலத்து மேசை காய்ந்து, பந்து நெடுந்தூரம் வழுக்கிச் செல்கிறது. பாக்கெட் இல்லாத மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் போட்டிகளில் ஸ்லேட் கல்லையே மின்சாரத்தால் சூடேற்றி ஈரத்தைப் போக்குகிறார்கள். நமக்கு அந்த வசதி கட்டுப்படியாகாது. ஆனால் இரு மேசைகளும் இருவேறு தன்மை கொண்டிருப்பதை ஒரு குறையாகக் கருதாமல், தேர்வின் ஒரு பகுதியாகவே ஏற்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மேசையில் மட்டும் விழும் ஷாட், அந்த மேசையை மனப்பாடம் செய்ததால் விழுகிறது. இரண்டிலும் விழும் ஷாட்தான் ஆட்டக்காரருக்குச் சொந்தமானது.

இதே வேறுபாடு மாசே ஷாட்டைப் புரிந்துகொள்ளவும் உதவியது. க்யூவை ஏறக்குறையச் செங்குத்தாகப் பிடித்து வெள்ளைப் பந்தை வளைத்து அனுப்பும் இந்த ஷாட்டைக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் நம் உறுப்பினர் ஒருவர் வகுப்பெடுத்து விளக்கினார். பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் 1835இல் பில்லியர்ட்ஸ் பந்தின் இயக்கத்தைக் கணிதமாக எழுதிவைத்தவர். க்யூவின் கோட்டைப் பந்தினூடே கீழே நீட்டினால் அது துணியைத் தொடும் புள்ளி ஒன்று. பந்து துணிமேல் அமர்ந்திருக்கும் புள்ளி மற்றொன்று. அமர்ந்த புள்ளியிலிருந்து தொடும் புள்ளிக்கு வரையும் கோட்டுக்கு இணையாகவே, வளைந்து முடிந்தபின் பந்து செல்லும் என்பது அவர் கண்டது. உராய்வும் வேகமும் வளைவு எங்கே நிகழும் என்பதை மாற்றுமே அன்றி, இறுதித் திசையை மாற்றுவதில்லை. ஏற்காட்டில் பந்து முன்னதாகவும் சேலத்தில் தாமதமாகவும் வளைந்து, முடிவில் ஒரே திசையில் சென்றதை உறுப்பினர்கள் கண்ணால் கண்டார்கள். அந்த வகுப்பைப் போன்ற மகிழ்ச்சியான மாலை இந்த ஆண்டில் வேறொன்றில்லை.

மாசே ஷாட்டைத் தாளில் சேர்ப்பதற்குச் செயற்குழுவில் எதிர்ப்பு இருந்தது. புதுத்துணி கிழிந்துவிடும் என்ற மூத்த உறுப்பினர்களின் அச்சம் நியாயமானதே. பழைய துணியிலிருந்து வெட்டிய ஒரு துண்டை வெள்ளைப் பந்தின் அடியில் விரித்தே பயில வேண்டும், பயிற்றுநர் உடனிருக்க வேண்டும், நேர் ஷாட்டில் குறித்த மதிப்பெண் பெறாதவர் மாசேவைத் தொடக் கூடாது என்ற மூன்று கட்டுப்பாடுகளுடன் அது ஏற்கப்பட்டது. துணி இதுவரை கிழியவில்லை. வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின்மேல் தாவச்செய்யும் ஜம்ப் ஷாட்டுக்கும் இதே கட்டுப்பாடுகள் பொருந்தும். ஸ்னூக்கரிலிருந்து வந்த உறுப்பினர்களுக்கு, அங்கே தவறாகக் கொள்ளப்படும் தாவலை இங்கே மேலிருந்து அடித்து முறைப்படி செய்யலாம் என்பதும், பந்தின் அடியில் க்யூவை நுழைத்துக் கிளப்புவது இங்கும் தவறே என்பதும் விளக்கப்பட்டது.

பந்துகளின் தூய்மை பற்றியும் ஒரு சொல். அழுக்கேறிய பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று பற்றி, இலக்குப் பந்தைக் குறித்த திசையிலிருந்து தள்ளிவிடுகின்றன. மெதுவாக, சுழற்சியின்றி, அரைப் பந்து அளவில் அடிக்கும்போது இந்த விலகல் மிகுதி. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் வரைகூடப் போகலாம். தேர்வுக்கு முன் பந்துகளைக் கழுவித் துடைத்துவைத்த நம் மார்க்கர்கள் (மேசைப் பணியாளர்கள்) இருவரின் உழைப்புக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அவர்களது ஊதியத்தை உயர்த்தும் முன்மொழிவைப் பேரவை ஆதரிக்க வேண்டுமென மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு தேர்வும் குறிப்பேடும் ஆட்டத்தின் இன்பத்தைக் குறைத்துவிடாதா என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். 1875இல் ஜபல்பூரில் ஸ்னூக்கரைத் தொடங்கி, பின்னர் உதகையில் அதற்கு விதிகள் வகுத்த நெவில் சேம்பர்லினும் பொழுதுபோக்காகவே அதை ஆடினார்; பொழுதுபோக்கை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று, தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரான வில்சன் ஜோன்ஸ் போன்றவர்கள் இந்த மண்ணிலிருந்து வந்திருக்கிறார்கள். நம் இளம் உறுப்பினர்கள் மாவட்டத்தைத் தாண்டி ஆட விரும்புகிறார்கள். தம் திறன் எங்கே நிற்கிறது என்பதை அவர்களுக்கு உண்மையாகச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. பெண் உறுப்பினர்கள் தொடர்ந்து தேர்வு எழுதி வருவதும், அவர்களுக்கெனத் தனித் தாள் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டதும் இங்கே குறிப்பிடத்தக்கவை.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இவை. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை இரு மேசைகளிலும் தேர்வு நடத்தி, இரண்டின் மதிப்பெண்ணையும் சேர்த்தே தரவரிசை அமைக்க வேண்டும். ஏற்காட்டுக் கூடத்தில் ஈரப்பத மானி ஒன்று வாங்கி, தேர்வு நாளின் அளவைத் தாளிலேயே குறிக்க வேண்டும். எவரும் இல்லாத எதிராளியுடன் ஒன்பது பந்து ஆடும் முறையையும், அதாவது பந்துகளைக் கலைக்கும் தொடக்க அடியான பிரேக்கிற்குப் பிறகு வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்துத் தொடங்கி, ஒரு முறை தவறினாலும் அந்த ஆட்டத்தை எதிராளிக்கே எழுதிவிடும் முறையையும், தாளின் இறுதிப் பகுதியாகச் சேர்க்க வேண்டும். தனித்தனி ஷாட்டுகளில் பெற்ற திறன் தொடர் ஆட்டத்தில் நிலைக்கிறதா என்பதை அது காட்டும்.

இம்முன்மொழிவுகளுடன் இவ்வாண்டறிக்கையைப் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்